எண்ணெயாய் ஒட்டுவதும் தூளாய்ப் பறப்பதும்

பலாப்பழம் அறுத்த கத்தியை யாரும் வெறும் தண்ணீரில் கழுவுவதில்லை. கழுவினால் பால் போகாது. கத்தி முழுக்கப் பரவி, அடுத்து எதைத் தொட்டாலும் ஒட்டும். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்த பிறகுதான் சோப்பு. மிளகாய் இடித்த உரலுக்கு இந்த வைத்தியம் செல்லாது. அங்கே ஒரே விதிதான்: வாயால் ஊதக் கூடாது. ஒரு தடவை ஊதியவர்கள் மறு தடவை ஊதுவதில்லை. ஈரத்துணியை உள்ளே விட்டு ஒற்றித்தான் எடுப்பார்கள். ஒட்டுவதற்கு ஒரு கழுவல், பறப்பதற்கு வேறு கழுவல் என்பது அடுக்களைக்கு எப்போதோ தெரிந்துவிட்டது.

தோட்டத்தில் காலை வைத்ததும் இந்த அறிவு எங்கோ போய்விடுகிறது. எங்கள் கொங்குப் பக்கத்தில் பிரஷ் கட்டரை வேலை முடிந்த கையோடு பஞ்சர் கடைக்குத் தூக்கிப்போய்க் காற்று அடித்துவிடுகிறார்கள். எந்தச் செடியை வெட்டியிருந்தாலும் இதேதான். "தண்ணி தொட்டுத் துடைச்சா அரைமணி நேரம் ஆகுமுங்க. காத்துன்னா அஞ்சே நிமிசம்" என்றார் எங்கள் தோட்டத்துக்கு வாடகை எந்திரத்தோடு வந்தவர். அன்று அவர் வெட்டியது அரை ஏக்கர் பார்த்தீனியம். காற்று பீய்ச்சியபோது எழுந்த பச்சைப் புழுதி அவர் முகத்திலும், பக்கத்தில் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த பையன் கழுத்திலும் படிந்தது.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வீட்டுக்காரர்கள் இதே எந்திரத்தால் பாய்சன் ஐவி என்ற கொடியை வெட்டிவிட்டு வேறொரு தவறைச் செய்கிறார்கள். எந்திரத்தை அப்படியே கொட்டகையில் மாட்டிவிடுவார்கள். அடுத்த மாதம் எடுத்தால் கைவிரல் இடுக்கில் கொப்புளம். இந்த இரண்டு செடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம், இரண்டும் உண்டாக்குவது ஒரே இனத்துத் தோல்நோய். ஆனால் எந்திரத்தை இரண்டுக்கும் ஒரே மாதிரி கழுவினால் ஒன்றில் தோற்றுப்போவோம்.

எந்திரத்தின் கதை ஒரு கழுவுமிடத்தில்தான் தொடங்குகிறது. டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டனில் நடனப் பள்ளி நடத்தி வந்த ஜார்ஜ் பல்லாஸ், 1971-இல் தன் காரைக் கழுவக் கொண்டுபோனார். சுழலும் நைலான் தூரிகைகள் காரின் மேடுபள்ளமெல்லாம் வளைந்து துடைப்பதைக் கண்டவருக்கு, மரத்தடிப் புல்லுக்கும் இது ஆகுமே என்று பட்டது. பாப்கார்ன் தகர டப்பாவில் துளை போட்டு, தூண்டில் நரம்பைக் கோத்துச் சுழல விட்டுப் பார்த்தார். நைலான் நரம்பால் புல் வெட்டும் எந்திரம் பிறந்தது அப்படி. 

வெட்டும் எந்திரம் என்கிறோமே, நரம்பு உண்மையில் எதையும் வெட்டுவதில்லை. அடித்துச் சிதைக்கிறது. அரிவாள் பட்ட தண்டில் ஒரு வாய் மட்டும் திறக்கும். சாறு அரிவாளின் விளிம்போடு நின்றுவிடும். நரம்பு அடித்த தண்டும் இலையும் கூழாகித் தெறிக்கும். செடிக்குள் இருந்ததெல்லாம் காப்புத்தகட்டின் உட்புறத்திலும், குழாயிலும், ஓட்டுபவரின் முழங்காலிலும் பூசப்படும். அரிப்புச் செடிகளைப் பொறுத்தவரை இதைவிடக் கச்சிதமான விநியோக முறையை யாரும் வேண்டுமென்றே திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது.

பாய்சன் ஐவி மும்மூன்று இலைகளாக விரியும் கொடி. மரத்தில் ஏறும், வேலியோரம் படரும், புதராகவும் நிற்கும். அதன் நஞ்சுக்கு உருஷியால் என்று பெயர். ஜப்பானிய அரக்குக்குரிய உருஷி என்ற சொல்லிலிருந்து வந்தது. இலை, தண்டு, வேர் எல்லாவற்றிலும் இது உண்டு. இலை உதிர்ந்து மொட்டையாய் நிற்கும் பனிக்காலத்திலும் தண்டைத் தொட்டால் விடாது. இது எண்ணெய். தண்ணீரோடு சேராது, எளிதில் ஆவியாகாது, இரும்பிலும் ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் மெல்லிய படலமாகக் கிடக்கும். அமெரிக்க அரசின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், பொருள்களின் மேற்பரப்பில் இது 5 ஆண்டுவரை வீரியத்தோடு இருக்கக்கூடும் என்று சொல்கிறது. ஓர் உப்புக்கல்லைவிடக் குறைந்த அளவே ஒருவருக்குக் கொப்புளம் போடப் போதும்.

இதை நம்ப நமக்கு அமெரிக்கா வரை போக வேண்டாம். பாய்சன் ஐவியின் குடும்பத்தில்தான் நம் மாவும் முந்திரியும் சேராங்கொட்டையும் இருக்கின்றன. சேராங்கொட்டைப் பாலால் வெளுப்பவர்கள் துணியில் குறி போட்டது பழைய வழக்கம். எத்தனை வெளுப்புக்கும் அழியாது என்பதுதான் அந்தக் குறியின் பெருமை. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவுக்கு வந்த அமெரிக்கப் படைவீரர்கள் சிலருக்குச் சட்டைக் கழுத்துப் பட்டையிலும் இடுப்புப் பட்டியிலும் குறி இருந்த இடத்துக்கு நேராகத் தோல் வெந்துபோனது. துவைத்துக் காயவைத்து மடித்து வந்த துணி அது! அவர்களில் பலருடைய உடல் ஊரிலேயே பாய்சன் ஐவியைச் சந்தித்திருந்ததால், இங்கே அதன் சொந்தக்காரரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டது. ராணுவ மருத்துவர்கள் அதற்கு வண்ணார் குறித் தோலழற்சி என்று பொருள்படவே பெயர் வைத்தார்கள். துவைத்த துணியிலேயே இப்படி என்றால், துடைக்காத எந்திரத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

பார்த்தீனியமும் அமெரிக்கக் கண்டத்துச் செடிதான், வெப்பப் பகுதியைச் சேர்ந்தது. இந்தியாவில் இது பரவத் தொடங்கியதைப் பூனாவில் கண்டு 1950-களின் நடுவில் பதிவு செய்தார்கள். இறக்குமதிக் கோதுமையோடு வந்தது என்பது பரவலான நம்பிக்கை. கேரட் இலையைப் போன்ற இலை இருப்பதால் வடக்கே கேரட் புல் என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். கோவை, ஈரோட்டுப் பக்கம் தரிசில், ரயில் பாதையில், காலி மனையில் இதைப் பார்க்காமல் ஒரு கிலோமீட்டர் போக முடியாது. இதன் நஞ்சு பார்த்தெனின். இலையிலும் தண்டிலும் உள்ள நுண்மயிர்களில் சேர்ந்திருக்கிறது. இது படலமாகப் பூசிக்கொள்ளும் எண்ணெய் அல்ல. மயிர் ஒடிந்து, இலை நொறுங்கி, பூந்தூளோடு கலந்து காற்றில் ஏறும். செடி காய்ந்து சருகானாலும் தூளில் வீரியம் இருக்கும். மழை பெய்தால் பார்த்தெனின் இலையிலிருந்து கரைந்து மண்ணில் இறங்கி, சுற்றியுள்ள செடிகளின் வளர்ச்சியைத் தடுக்கிறது. செடியின் அந்தக் கெட்ட குணம் நமக்கு ஒரு நல்ல செய்தியையும் சொல்கிறது: தண்ணீர் இங்கே உதவும்.

இரண்டு நஞ்சுக்கும் உடலில் நுழைவாசல் ஒன்றே. முதல் தடவை தோல் அதைக் குறித்து வைத்துக்கொள்கிறது. பிறகு படும்போது ஒன்றிரண்டு நாள் கழித்து எதிர்வினை வருகிறது. தாமத ஒவ்வாமை என்பார்கள். ஒருமுறை குறித்துக்கொண்ட தோல் உறவினர்களையும் விட்டுவைக்காது. பாய்சன் ஐவியால் அவதிப்பட்டவருக்கு மாம்பழத் தோல் உதட்டோரம் அரிக்கலாம். பார்த்தீனியத்தால் அவதிப்பட்டவருக்குச் சாமந்தி கட்டினாலும் கை சிவக்கலாம். இரண்டும் சூரியகாந்திக் குடும்பம்.

இந்தத் தாமதம்தான் எந்திரத்தைத் தப்பவிடுகிறது. அமெரிக்க வீட்டுக்காரர் சனிக்கிழமை வெட்டுகிறார், திங்கட்கிழமை கொப்புளம் வருகிறது. அடுத்த சனிக்கிழமை வெறும் புல்லை வெட்ட அதே கைப்பிடியைப் பிடிக்கிறார், மறுபடி வருகிறது. கொப்புளத்து நீர் பட்டுப் பரவுகிறது என்று அவர் முடிவுகட்டுகிறார். கொப்புளத்து நீரில் உருஷியால் கிடையாது, அது பரப்புவதில்லை. பரப்பியது விசைப்பிடி. நம்மூர் ஆளுக்கோ இமை வீங்குகிறது, கழுத்தும் முழங்கை மடிப்பும் தடித்துக் கறுக்கின்றன. வெளியில் தெரியும் இடமெல்லாம் பாதிக்கப்படுவதால் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறார். வெயில் படாத மோவாய்க்குக் கீழும் காதுக்குப் பின்னாலும் அதே தடிப்பு இருப்பதைக் கவனித்தால் குற்றவாளி வெயிலல்ல, காற்றில் வந்த தூள் என்பது புரியும். அங்கே நோய் கையில் தொடங்குகிறது, இங்கே முகத்தில். எந்திரத்தைக் கழுவுவதில் உள்ள வேறுபாடு முழுவதையும் இந்த ஒரு வரியிலிருந்தே எடுத்துவிடலாம்.

கை என்றால் முதலில் துடைக்க வேண்டியது கை பிடிக்கும் இடம். பாய்சன் ஐவி வெட்டியவர்கள் பெரும்பாலும் பச்சை பூசிய காப்புத்தகட்டில்தான் பாய்கிறார்கள். சாறு அங்கேதான் அதிகம், உண்மை. ஆனால் அங்கே யாரும் கை வைப்பதில்லை. சாறு பட்ட கையுறையோடு தொட்ட கைப்பிடி, விசைப்பிடி, சோக் நெம்பு, பெட்ரோல் மூடி, ஸ்டார்ட்டர் கயிற்றின் பிடி, தோள்வார்க் கொக்கி ஆகியவற்றில் கண்ணுக்குத் தெரியாத அளவே இருக்கும். ஆபத்து அந்தக் கண்ணுக்குத் தெரியாததில்தான். சுத்தமான முனையிலிருந்து அழுக்கான முனைக்குப் போவது இங்கே சரியான வழி, காப்புத்தகடு கடைசி.

துடைக்க ரப்பிங் ஆல்கஹால் எனப்படும் ஐசோபுரொப்பைல் சாராயம் அல்லது பாத்திரச் சோப்பும் தாராளமான தண்ணீரும் வேண்டும். சாராயம் எண்ணெயைக் கரைக்கும், ஆனால் கரைத்ததை எங்கும் கொண்டுபோகாது. கரைந்த எண்ணெய் துணிக்கு வரவேண்டும். அதனால் ஒரே திசையில் துடைத்து, ஒவ்வோர் இழுப்புக்கும் துணியின் புதுமுகத்தை மடித்து, கடைசியில் துணியைப் பையில் கட்டிக் குப்பையில் போட வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் எண்ணெயைப் படலமாக மறுபடி பூசுகிறோம் என்று பொருள். பலாப்பாலுக்குத் தேங்காய் எண்ணெய் என்ற அடுக்களைப் பாடம் இங்கே பாதிவரைதான் வரும்: எண்ணெய் உருஷியாலை இளக்கும், ஆனால் சோப்புப் போட்டு உடனே அலசாவிட்டால் பரப்பிவிடும். பெட்ரோல் தொட்டுத் துடைப்பது பட்டறைப் பழக்கம்; தோலையும் பாழாக்கி, சூடான சைலன்சர் பக்கத்தில் இருந்தால் ஆளையும் பாழாக்கும். சாராயமும் தீப்பிடிப்பதுதான். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு, திறந்த வெளியில், பெட்ரோல் கேனைத் தள்ளிவைத்துவிட்டுத்தான் அதைத் திறக்க வேண்டும்.

இதற்கென்றே விலையுயர்ந்த கழுவுநீர்கள் அமெரிக்கக் கடைகளில் கிடைக்கின்றன. 2000-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, தோலில் பட்ட உருஷியாலைக் கழுவ அப்படியொரு தனித் தயாரிப்பையும், மெக்கானிக்குகள் கிரீஸ் போகக் கை கழுவும் பசையையும், சாதாரணப் பாத்திரச் சோப்பையும் ஒப்பிட்டது. மூன்றும் கணிசமாகக் காத்தன. ஒன்றுக்கொன்று பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. வேறுபாடு விலையில் இருந்தது. எந்திரத்துக்கும் இதே நியாயம்தான் பொருந்தும் என்பது என் ஊகம்: புட்டியைவிடத் தேய்ப்பும் அலசலும் முக்கியம்.

கையுறை விஷயத்திலும் உருஷியால் தனி ரகம். மெல்லிய லேட்டக்ஸ் கையுறையை ஊடுருவும். தடித்த வினைல் கையுறைதான் பொருத்தம். அதையும் போட்டபடியே வெளிப்புறத்தைக் கழுவி, உள்பக்கம் வெளியே வரும்படி உருவ வேண்டும். நரம்புச் சுருளில் வெளியே நீண்டிருந்த துண்டை வெட்டி எறிவது துடைப்பதைவிடச் சுலபம். பூட்ஸ் கயிற்றை மறந்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

பார்த்தீனியத்துக்கு இவ்வளவு வேதியியல் வேண்டாம். வேண்டியது பொறுமை. முகம்தான் இலக்கு என்பதால் தூள் முகத்துக்கு ஏறாமல் பார்ப்பதே முழு வேலையும். ஸ்பிரே பாட்டிலில் தண்ணீரும் சிறிது சோப்பும் கலந்து காப்புத்தகட்டிலும் குழாயிலும் நனைய நனைய அடித்து, சில நிமிடம் ஊறவிட்டு, பிறகு ஈரத்துணியால் வழித்தெடுத்தால் போதும். காற்று நம் முதுகுப்பக்கமிருந்து வீசும்படி நிற்க வேண்டும். இந்தச் செடியில் நான் முதலில் துடைக்கச் சொல்வது காப்புத்தகடுதான், பாய்சன் ஐவிக்கு நேர்மாறாக. தூள் அதிகம் ஒட்டிக்கிடப்பது அங்கே. அதை நனைத்து அடக்காமல் வேறெதைத் தொட்டாலும் அதிர்ந்து உதிரும். அதன் பிறகுதான் எஞ்சின் பக்கம். அங்கே தண்ணீரைப் பீய்ச்ச முடியாது. குளிர்விக்கும் தகடுகளுக்கு இடையே பஞ்சுபோல் அடைத்திருப்பதை, முகமூடி போட்டுக்கொண்டு, லேசாக ஈரமாக்கிய பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் வெளியே இழுக்க வேண்டும். விட்டுவைத்தால் எஞ்சின் சூடேறிச் சீக்கிரம் போய்விடும். ஏர் ஃபில்டரின் நுரைப்பஞ்சைத் தட்டி உதறுவது உரலை ஊதுவதற்குச் சமம். சோப்புத் தண்ணீரில் பிழிந்து அலசி, நிழலில் நன்றாகக் காயவிட்டு மாட்ட வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவானவற்றை நீட்ட விருப்பமில்லை, ஆனால் சொல்லாமலும் விடமுடியாது. பிளக் மூடியைக் கழற்றாமல், மின்கலத்தில் ஓடுவதென்றால் மின்கலத்தை உருவாமல், தலைப்பகுதியில் கை வைக்கக் கூடாது. வாட்டர் சர்வீஸில் அழுத்தத் தண்ணீர் அடித்தால் கார்புரேட்டருக்குள் தண்ணீரும், கியர் பெட்டியிலிருந்து வெளியே கிரீஸும் போகும். காற்றடிப்பு இரண்டு செடிக்கும் ஆகாது, ஆனால் காரணம் வேறு வேறு: உருஷியாலை அது கழற்றவே கழற்றாது, பார்த்தீனியத்தை எளிதில் கழற்றி நம் மூக்குக்கே கொடுக்கும். எரிப்பதில் இந்த ஒற்றுமை இன்னும் நெருக்கம். பாய்சன் ஐவிக் குப்பையை எரித்தால் புகையோடு உருஷியால் நுரையீரலுக்குள் போகும் என்று அமெரிக்காவில் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறார்கள். வெட்டிய பார்த்தீனியத்தைக் கொளுத்த நினைப்பவர்களும் குவிக்கும்போது எழும் தூளை எண்ணிப் பார்க்கலாம்.

ஒப்பீட்டில் வேதியியலைவிட எனக்கு உறுத்தியது வேறு. அங்கே எந்திரமும் தோட்டமும் தோலும் ஒரே ஆளுக்குச் சொந்தம். கழுவாமல் விட்டால் அவருக்கே வரும். இரண்டு தடவை வந்தால் கழுவக் கற்றுக்கொள்வார். இங்கே எந்திரம் வாடகைக் கடைக்காரருடையது, நிலம் என்னுடையது, தோல் கூலிக்கு வந்தவருடையது. எந்திரம் மாலை ஆறு மணிக்குள் கடைக்குத் திரும்பாவிட்டால் அரை நாள் வாடகை ஏறும். அந்த அரைமணி நேரத்தை யாரும் தருவதில்லை. தண்ணீர் தெளித்துத் துடைக்கச் சொல்லும் எந்தக் கையேடும், அவர் தோளில் கிடக்கும் துண்டைப் பார்த்து எழுதப்பட்டதல்ல. அதே துண்டால்தான் கைப்பிடியைத் துடைக்கிறார், கழுத்து வியர்வையையும் துடைக்கிறார், சாப்பிட உட்காரும்போது கீழே விரித்தும் கொள்கிறார். துணியைப் பையில் கட்டிக் குப்பையில் போடு என்றால் துண்டைப் போடச் சொல்கிறோமா? எந்திரத்துக்கென்று ஒரு பழைய துணியும், அரைமணி நேரத்துக்கான கூலியும் நிலத்துக்காரர் கொடுக்க வேண்டியவை. நான் அன்று கொடுக்கவில்லை.

பாய்சன் ஐவியில் இல்லாத ஒரு பாரம் பார்த்தீனியத்தில் உண்டு: விதை. ஒரு செடி 15,000 முதல் 25,000 விதைவரை உதிர்க்கும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுதான். ஈரச் சேறோடு காப்புத்தகட்டில் ஒட்டி அடுத்த தோட்டத்துக்குப் பயணமாகும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இந்தச் செடி மேய்ச்சல் நிலங்களைப் பிடித்தபின், அங்கிருந்து நியூ சவுத் வேல்ஸுக்குள் வரும் அறுவடை எந்திரங்களைக் கழுவிச் சோதித்த பிறகே அனுமதிக்கிறார்கள். அங்கே எந்திரம் கழுவுவது தோலுக்காக மட்டுமல்ல, எல்லைக்காக. வாடகை எந்திரம் ஒரு நாளில் மூன்று தோட்டம் ஏறி இறங்கும் நம் ஊரில் அப்படி ஓர் எல்லையை யாரும் போடவில்லை.

பார்த்தீனியத்தைக் கட்டுப்படுத்த 1984-இல் பெங்களூரில் மெக்சிகோ வண்டு ஒன்றை அதன் மேல் விட்டார்கள். மழைக்காலத்தில் அது இலையை நன்றாகவே தின்கிறது. எந்திரமோ, பூத்த பிறகு அடித்தால் விதையை உதிர்க்கிறது. முன்பே அடித்தாலும் அடித்தண்டிலிருந்து மறுபடி தழைக்கிறது. பாய்சன் ஐவியும் வேரிலிருந்து துளிர்ப்பதால், அதை நரம்பு எந்திரத்தால் அடிக்காதே என்றுதான் அமெரிக்காவில் அறிவுறுத்துகிறார்கள். இரண்டு இடத்திலும் கழுவல் பிரச்சினையின் பாதி, எடுக்கக் கூடாத எந்திரத்தை எடுத்ததால் வந்தது. மழை ஈரத்தில், பூக்கும் முன், கையுறையோடு பிடுங்குவதற்கு ஆள் கிடைக்கவில்லை என்றுதான் நானும் எந்திரத்தைக் கூப்பிட்டேன்.

அடுத்த தடவை பஞ்சர் கடைக்குப் போக வேண்டாம் என்று சொல்லி, கிணற்றடியில் வைத்தே நனைத்துத் துடைத்தோம். துடைத்த தண்ணீர் வாய்க்காலில் போகாதபடி மண்ணில் சிறு குழி வெட்டி அதில் விட்டோம். ஐப்பசி மழை பெய்து பத்தாம் நாள், அந்தக் குழி ஓரத்தில் மட்டும் கொத்தமல்லி முளைத்தாற்போல் இளம்பச்சையாய் ஒரு கூட்டம் எழுந்திருந்தது. பூக்க இன்னும் மூன்று வாரமாவது இருந்தது. கையில் கையுறையை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாய் வேரோடு எடுத்தேன். நூற்றுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன்.